புராணத்தைக் கேமாக்க மூன்று வழிகள்: அரவான் கதையை வைத்து ஓர் ஒப்பீடு

புராணத்தை வைத்துக் கேம் எழுத நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கதையை எடுக்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கதையை அப்படியே சொல்லப் போகிறோமா, அதன் ஓரத்தில் ஒரு புது ஆளை நிறுத்தப் போகிறோமா, இல்லை அதன் எலும்பை மட்டும் உருவிக்கொண்டு வேறோர் உலகம் கட்டப் போகிறோமா? மூன்றும் மூன்று விதமான வேலை. எவ்வளவு படிக்க வேண்டும், எவ்வளவு எழுத வேண்டும், யாரிடம் போய்க் கேட்க வேண்டும், எந்த இடத்தில் உடையும் என்பதெல்லாம் வழிக்கு வழி மாறும். பாதி தூரம் போன பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் பாத்திர ஓவியம், வசனம், குரல் பதிவு எதுவுமே கைக்கு உதவாது.

உரசல் எங்கே வருகிறது என்று முதலில் பார்ப்போம். புராணம் கேட்பவருக்கு முடிவு முன்பே தெரியும். கர்ணன் சாவான் என்று தெரிந்துதான் கூத்துப் பார்ப்பவர் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். எப்படிச் சாகிறான், சாகும்போது யார் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் அவருக்கு வேண்டும். கேம் விளையாடுபவரோ, தான் பொத்தானை அழுத்தினால் ஏதாவது மாறும் என்று நம்பித்தான் உட்கார்கிறார். மாறாத முடிவும் மாற்றத் துடிக்கும் கையும் ஒரே இடத்தில் மோதுகின்றன. எந்த வழி நல்லது என்பதை, அது இந்த மோதலை எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

ஒரே கதையை மூன்று வழியிலும் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு பிடிபடும். அரவானை எடுத்துக்கொள்வோம். வியாச பாரதத்தில் அவன் பெயர் இராவான். அர்ச்சுனனுக்கும் நாக கன்னி உலூபிக்கும் பிறந்தவன். பீஷ்ம பருவத்தில், எட்டாம் நாள் போரில், அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். அங்கே அவன் ஒரு துணைப் பாத்திரம்தான். தமிழ் மரபு அவனை வேறு உயரத்துக்குக் கொண்டுபோனது. போரில் வெல்ல வேண்டுமென்றால் 32 இலட்சணமும் பொருந்திய ஒருவனைக் களப்பலி கொடுக்க வேண்டும். துரியோதனன் பகைவனான சகாதேவனிடமே நாள் பார்க்கக் கேட்கிறான். சகாதேவனும் ஒளிக்காமல் அமாவாசையைக் குறித்துக் கொடுக்கிறான். அரவான் துரியோதனனுக்கு வாக்கும் கொடுத்துவிடுகிறான். இதை அறிந்த கண்ணன் ஒரு நாள் முன்னதாக, சதுர்த்தசியன்றே, அமாவாசைத் தர்ப்பணம் செய்ய உட்காருகிறான். குழம்பிப்போன சூரியனும் சந்திரனும் ஒன்றாக வந்து நிற்க, அந்த நாளே அமாவாசை ஆகிவிடுகிறது. பலி பாண்டவர் பக்கம் போய்விடுகிறது. வெட்டுண்ட தலை, போர் முழுவதையும் பார்க்கும் வரம் பெறுகிறது.

ஒரு கேம் எழுத்தாளருக்கு இதைவிட வளமான நிலம் கிடைப்பது அரிது. வாக்கு, தந்திரம், நாட்காட்டி, சம்மதித்த சாவு, சாவுக்குப் பிறகும் மூடாத கண் எல்லாமே ஒரே கதைக்குள் இருக்கின்றன.

முதல் வழி: கதையை அப்படியே சொல்வது

விளையாடுபவர் அரவானாகவே இருக்கிறார். உலூபியிடமிருந்து கிளம்பி, தந்தையின் பாசறைக்கு வந்து, வாக்குக் கொடுத்து, பலியாகிறார்.

முதல் சிக்கல், எந்தப் பாடம், அதாவது கதையின் எந்த வடிவம், என்பது. மகாபாரதத்தின் செம்பதிப்பைப் புனேயிலுள்ள பண்டார்கர் ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்தது. அதற்காக ஒப்பிட்ட சுவடிகள் மட்டும் 1,259. அத்தனை சுவடிகளை ஒப்பிட்டு நிறுவிய மூலத்தில் களப்பலி கிடையாது. அது பெருந்தேவனாரின் பாரத வெண்பா முதல் வில்லிபாரதம், தெருக்கூத்து வரை தமிழில் வளர்ந்த கிளை. தமிழுக்குள்ளும் ஒரே கதை இல்லை. ஒரு பாடத்தில் அரவான் தன் உடலை 32 இடங்களில் அரிந்து கொடுத்துவிட்டு எட்டாம் நாள் வரை உயிரோடு நின்று போரிடுகிறான். இன்னொன்றில் பலிக்களத்திலேயே தலை போய்விடுகிறது. சாவதற்கு முன் திருமணம் வேண்டும் என்று அவன் கேட்கும் வரமும், கண்ணன் மோகினியாக வந்து மணப்பதும் கூத்திலும் வாய்மொழி மரபிலும்தான் ஓங்கி நிற்கின்றன, வியாசரிடம் இல்லை. இவற்றைக் கலந்து எழுதினால், ஒரு லெவலில் கம்பத்தின் மேல் இருக்கும் தலை அடுத்த லெவலில் வாளோடு ஓடும். ஆகவே ஒரே பாடத்தைத் தேர்ந்து, அதன் நிகழ்ச்சிகளை வரிசையாக ஒரு பக்கத்தில் எழுதி, குழுவில் எல்லோர் மேசையிலும் வைக்க வேண்டும். வேறு பாடத்திலிருந்து ஒரு காட்சி வேண்டுமென்றால், அதன் முன்னும் பின்னும் எது மாறும் என்று அந்தப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.

இரண்டாவது, அரவான் வெறும் கதைப் பாத்திரம் இல்லை. கூவாகத்தில் சித்திரை மாதம் திருநங்கைகள் அவனுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலியறுத்து அழுகிறார்கள். அவர்களுக்கு அவன் கணவன், தெய்வம். அவனை விளையாடும் பாத்திரமாக்கி ஒரு பாலத்திலிருந்து 40 முறை தவறி விழ வைத்தால், ஒவ்வொரு முறையும் திரையில் "மீண்டும் முயற்சி செய்" என்று வந்தால், அதை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை முதல் நாளே யோசிக்க வேண்டும். 2012-இல் ஸ்மைட் என்ற சண்டை விளையாட்டு காளியைப் பாத்திரமாக்கியபோது எழுந்த எதிர்ப்பு இந்த வகையைச் சேர்ந்ததுதான். உயிருள்ள வழிபாட்டைத் தொடுபவருக்கு முன்மாதிரியாக நெவர் அலோன் இருக்கிறது. 2014-இல் வந்த அந்தக் கேம் அலாஸ்காவின் இனுப்பியாத் மக்களின் கதையை அவர்களுடைய மூத்தவர்களோடும் கதைசொல்லிகளோடும் சேர்ந்தே கேமாக்கியது. கதைசொல்லும் குரலே இனுப்பியாக் மொழியில் ஒலிக்கிறது. வேலை முடிந்த பிறகு காட்டி ஒப்புதல் வாங்குவதும், தொடக்கத்திலிருந்தே கூட உட்கார வைப்பதும் ஒன்றாகாது. முடிந்த பிறகு கேட்டால் அவர்களால் "வேண்டாம்" என்று மட்டும்தான் சொல்ல முடியும். முன்பே கேட்டால் "இப்படிச் செய்யலாமே" என்பார்கள்.

அப்படியானால் இந்த வழியில் விளையாடுபவருக்கு என்ன மிச்சம்? நடப்பது எது என்பதை அவரால் மாற்ற முடியாது. யாரோடு பேசுவது, எந்த வரத்தை முதலில் கேட்பது, கடைசி இரவை எங்கே கழிப்பது என்பவற்றை மாற்றலாம். இது போதுமா என்பது கேமின் அடிப்படைச் செயலைப் பொறுத்தது. மாறாத விதியே விளையாட்டாக இருந்தால் போதும். 2020-இல் முழுமையாக வெளியான ஹேடீஸ் என்ற கேம் இதற்கு அருமையான சான்று. பாதாளத்திலிருந்து தப்பப் பார்க்கும் சாக்ரியஸ் ஒவ்வொரு முறை செத்தும் வீடு திரும்புகிறான். ஒவ்வொரு திரும்பலிலும் வீட்டிலுள்ளவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஏதோ இருக்கிறது. சாவு தண்டனையாக இல்லாமல் அடுத்த உரையாடலுக்கான வாசலாகிறது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை 20,000-க்கும் மேற்பட்ட குரல் பதிவு வரிகள். சாக்ரியஸை எடுத்ததில் இன்னொரு சாமர்த்தியமும் உண்டு: பழைய கிரேக்க நூல்களில் அவனைப் பற்றி மிகக் கொஞ்சமே எழுதியிருக்கிறது. புகழ் பெற்ற ஊரில் யாரும் குடியேறாத வீட்டைப் பிடித்தார்கள். இது நம்மை அடுத்த வழியின் வாசலுக்கே கொண்டுவந்துவிடுகிறது.

இரண்டாம் வழி: ஓரத்தில் ஒரு புது ஆள்

புராணம் நடந்தபடி நடக்கட்டும். விளையாடுபவர் அதில் பெயர் இல்லாத ஒருவர். 2024-இல் வந்த பிளாக் மித்: வுகோங் என்ற கேம் காலத்தால் ஓரத்துக்குப் போனது, சீனக் கதையின் குரங்கு அரசனின் பயணம் முடிந்த பிறகு வரும் இன்னொரு குரங்காகத்தான் விளையாடுகிறோம். 2018-இன் காட் ஆஃப் வார் இடத்தால் ஓரத்துக்குப் போனது. கிரேக்கத்து ஆள் வட ஐரோப்பாவின் நார்ஸ் தெய்வங்களின் நாட்டுக்கு வந்து சேர்கிறான். அவனுக்கு அந்த ஊர்க் கதை தெரியாது. ஆகவே விளையாடுபவருக்கு விளக்குவதையெல்லாம் அவனுக்கு விளக்குவதாகவே எழுத முடிகிறது.

நம் கதையில் ஓரத்து ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? புராணம் சொல்லாமல் விட்ட வேலைகளை எழுதிப் பாருங்கள். பலிக்கு வாள் தீட்டியது யார்? பாசறைக்குத் தண்ணீர் சுமந்தது யார்? திதியை எண்ணி அறிவித்தது யார்? தலையைக் கம்பத்தில் ஏற்றியது யார்? இப்படி 20 வேலைகளாவது எழுத வேண்டும். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தோன்றுபவை. நல்லது பத்துக்குப் பிறகுதான் வரும். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே, அந்த வேலையைக் கையால் எப்படி விளையாடுவது என்று ஒரு வினைச்சொல் எழுதுங்கள்: சுமப்பது, எண்ணுவது, ஒளிவது, பார்ப்பது. வினை வராதவற்றை அடித்துவிடலாம்.

தண்ணீர் சுமக்கும் ஒரு வயதான பெண்ணை எடுப்போம். கண்ணன் தர்ப்பணம் செய்யும் விடியற்காலையில் அவள் ஆற்றங்கரையில் இருக்கிறாள். அந்தக் காட்சியில் விளையாடுபவர் குடத்தை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கேமராவைத் திருப்பிக் கீழ்வானத்தைப் பார்த்தால், மெல்லிய நிலாக் கீற்று ஒன்று தெரியும். சதுர்த்தசி விடியலில் அது இருக்கும், அமாவாசையன்று இருக்காது. யாரும் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. பார்த்தவர்களுக்கு மட்டும் ஒரு குறி மனத்தில் விழும், கேமின் கணக்கிலும் "நிலாவைப் பார்த்தாள்" என்று ஒரு குறி விழும். மாலையில் அரவானின் கூடாரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறாள். அவன் கேட்கிறான், விளையாடுபவர் ஒரு பதிலைத் தேர்கிறார்.

"அம்மா, இன்னைக்கு அமாவாசைதானே?"

"ஆமாங்கய்யா."

"நாள் கணக்கெல்லாம் எனக்கெங்கய்யா தெரியும்?"

"காலைல ஆத்துல நிக்கிறப்ப, கீழ்வானத்துல நிலாக் கீத்து இருந்துச்சுங்கய்யா."

மூன்று பதில்கள், மூன்றாவது, நிலாவைப் பார்த்தவர்களுக்கு மட்டுமே தெரியும். இப்போது கதையைக் கெடுக்காமல் இந்தக் கேள்விக்குக் கனம் கொடுக்க வேண்டும். அரவான் எப்படியும் பலியாவான், அதில் கை வைக்க முடியாது. பல எழுத்தாளர்கள் இந்த இடத்தில் "எனக்கு முன்பே தெரியும், அம்மா" என்று அவனைப் பேச வைத்துவிடுவார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் விளையாடுபவர் துணிந்து சொன்ன உண்மை ஒரே வரியில் செல்லாக்காசாகிவிடும். அதற்குப் பதில் அவன் ஒன்று கேட்கட்டும்: "இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?" சுமை அவன் தோளிலிருந்து விளையாடுபவரின் தோளுக்கு இறங்குகிறது. இல்லை என்றால் அந்த ரகசியம் இருவருடையது. ஆமாம் என்றால் வேறொருவர் உயிருக்கு ஆபத்து. அவன் பலிக்களத்துக்குப் போவது மாறவில்லை. எதை அறிந்து போகிறான் என்பது மாறிவிட்டது. உண்மை தெரிந்த அரவான் போரைப் பார்க்கும் வரத்தைக் கேட்பதற்குக் காரணமே வேறாகிறது: எந்தப் பொய்யால் வெற்றி வருகிறது என்று அவன் கடைசி வரை பார்க்க விரும்புகிறான்.

முடிவு நிலைத்திருக்கும்போது பொருள் நகர்கிறது. இந்த வழியின் உயிர் இதில்தான் இருக்கிறது. சிறிய குழுவுக்கு இதைவிட நல்ல பேரம் வேறில்லை என்பதே எங்கள் தீர்மானமான கருத்து.

எழுத்துக் கணக்கும் இதற்குச் சாதகம். போர் 18 நாள். ஒவ்வோர் இரவும் அவள் கம்பத்தடிக்கு வந்து தலையோடு பேசுகிறாள் என்று வைப்போம். இரவுக்கு மூன்று தேர்வுகள், ஒவ்வொன்றும் தனிப்பாதையாகக் கிளைத்தால் 18-ஆம் இரவில் 38,74,20,489 பாதைகள் இருக்கும். யாராலும் எழுத முடியாது. கிளைக்க விடாமல், அரவானுக்கு உண்மை தெரியுமா, அவளை நம்புகிறானா என்ற இரண்டு குறிகளை மட்டும் வைத்து, இரவுக்கு மூன்று வடிவம் எழுதினால் 54 சிறு உரையாடல்கள். ஒவ்வொன்றும் 40 சொல் என்றால் மொத்தம் 2,160 சொற்கள். ஒருவர் ஒரு வாரத்தில் எழுதி, இரண்டு முறை திருத்தவும் முடியும். போரை வரைய வேண்டிய செலவும் இல்லை. தலை பார்த்ததைச் சொல்கிறது, விளையாடுபவர் கேட்கிறார்.

இந்த வழி கெடும் இடங்களும் உண்டு. மிக அதிகமாக நடப்பது, புது ஆள் மெல்ல மெல்லப் பெரியவராகிவிடுவது. மூன்றாம் லெவலில் கண்ணனே தண்ணீர்க்காரியிடம் யோசனை கேட்பான், ஐந்தாம் லெவலில் வெற்றிக்குக் காரணமே அவள் என்றாகிவிடும். அங்கேயே புராணம் உடைந்துவிட்டது. அரவானைத் தவிர, பெயர் பெற்ற பாத்திரங்களை அவள் நேருக்கு நேர் பார்ப்பது மொத்தக் கேமில் மூன்று இடங்களுக்குள் இருக்கட்டும். மற்ற நேரங்களில் அவர்கள் தூரத்துக் குரலாக, திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்து நிழலாக இருந்தால் போதும். இதற்கு நேரெதிரான கேடு சுற்றுலா. புகழ் பெற்ற காட்சி ஒவ்வொன்றிலும் அவளைக் கொண்டுபோய் நிறுத்தி வேடிக்கை பார்க்க வைப்பது. ஒவ்வொரு காட்சிக்கும் "இங்கே அவளுக்கு என்ன வேண்டும், கிடைக்காவிட்டால் எதை இழப்பாள்?" என்று கேளுங்கள், பதில் இல்லாத காட்சியை வெட்டுங்கள்.

பேச்சுநடையும் இங்கே ஒரு கருவி. அவள் பேச்சுத்தமிழ் பேச, பெரியவர்கள் கூத்துத் தமிழில் முழங்க, இரண்டுக்கும் நடுவே அரவான் அவளிடம் மட்டும் அவள் மொழியில் இறங்கிப் பேசினால், அவர்களுடைய நெருக்கத்தை விளக்க ஒரு வரிகூடத் தனியாக எழுத வேண்டாம். முதல் வழியில் இந்த வசதி கிடைப்பதில்லை. எல்லோரும் ஒரே மேடைத் தமிழில் பேசி அலுப்புத் தட்டும் ஆபத்து அங்கே அதிகம்.

விளக்கம் கொடுக்க வேண்டிய இடங்களுக்கு, காட் ஆஃப் வாரின் படகுக் கதைகளிலிருந்து ஒரு நுணுக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். படகில் கூட வரும் மீமிர் என்ற பாத்திரம் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது படகைக் கரையில் கட்டினால் கதை பாதியில் நிற்கும். மறுபடி ஏறினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதைச் செய்ய, கதையை 20 முதல் 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிறுத்த வரியும் ஒரு தொடக்க வரியும் எழுத வேண்டும். தொடக்க வரியை ஒன்று மட்டும் எழுதினால் மூன்றாம் முறையே சலித்துவிடும். நான்கைந்து மாற்றுகள் தேவை.

மூன்றாம் வழி: எலும்பை மட்டும் எடுப்பது

பெயர், தெய்வம், ஆயுதம், ஊர் எதுவும் இல்லாமல் கதையை நான்கு வாக்கியத்தில் எழுதுங்கள். அரவானுக்கு இப்படி வரும்: ஒருவனுடைய சம்மதம் இரண்டு தரப்புக்கும் வேண்டும். அவன் ஒரு தரப்புக்கு, ஒரு நாளைக் குறித்து வாக்குக் கொடுத்துவிட்டான். மறுதரப்பு அந்த நாளையே நகர்த்திவிடுகிறது. தன்னைக் கொடுத்த பிறகும் அவன் விளைவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

இந்த நான்கில் எது கேமாகும்? மூன்றாவது. நாளை நகர்த்துவதை விளையாட்டின் விதியாக்கலாம். ஓதம் சூழ்ந்த ஒரு தீவு. விடிந்ததும் மணியடித்து இன்ன நாள் என்று அறிவிப்பதுதான் அங்கே சட்டம். மதகு திறப்பது, கடன் முதிர்வது, கப்பல் கிளம்புவது எல்லாம் மணி சொல்லும் நாளைப் பொறுத்தவை. விளையாடுபவர் மணியடிப்பவர். ஒரு நாளை முந்தி அடித்தால் ஒருவர் கடனிலிருந்து தப்புகிறார், இன்னொருவர் கப்பலைத் தவறவிடுகிறார். 30 நாள், நாளுக்கு நான்கு ஒப்பந்தம் என்று ஓர் அட்டவணை போட்டால் 120 கட்டங்கள். எழுதுவதைவிட அந்தக் கட்டங்களை ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவதில்தான் பாதி உழைப்பு போகும்.

இந்த வழியின் லாபம் முழுச் சுதந்திரம். முடிவு யாருக்கும் தெரியாது, யார் மனமும் புண்படாது, எந்த நாட்டில் விளையாடினாலும் முன்னறிவு தேவையில்லை. நஷ்டமும் அதுவேதான். இரண்டாம் வழியில் "களப்பலி" என்ற ஒரு சொல் போதும், கதை தெரிந்தவர் நெஞ்சு பதறிவிடும். இங்கே அந்தப் பதற்றத்தை அடி முதல் நீங்களே கட்ட வேண்டும். மணிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை வெவ்வேறு அளவில் மூன்று முறையாவது காட்டிய பிறகுதான், அதை வைத்து ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியும். முதல் முறை சின்ன விஷயம், இரண்டாம் முறை நஷ்டம், மூன்றாம் முறை யாரோ அழ வேண்டும்.

வழக்கமாக நேரும் தோல்வி, பெயிண்ட் மட்டும் மாறுவது. வில்லுக்குப் பதில் லேசர், தேருக்குப் பதில் விண்கலம், மற்றதெல்லாம் அதே வரிசை. இதைக் கண்டுபிடிக்கக் கதைச் சுருக்கத்தை, புராணம் நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். மூன்றாவது வாக்கியத்துக்குள் "இது அரவான்" என்று அவர் சொன்னால் உங்களிடம் இருப்பது எலும்பு இல்லை, மாறுவேடம்.

எலும்பு எடுக்க ஆயத்த அளவுகோல்கள் இரண்டு புழக்கத்தில் உள்ளன. புராண ஆய்வாளர் ஜோசப் கேம்ப்பெல் 1949-இல் முன்வைத்த நாயகப் பயணம் 17 கட்டங்கள் கொண்டது. கேம் துறையில் எல்லோரும் இதைத்தான் முதலில் நாடுகிறார்கள், ஆனால் லெவல் பட்டியலாக அதைப் பயன்படுத்துவது தவறு. அது ஒருவர் போய்த் திரும்பும் கதைக்கு ஏற்றது. பாரதம் போலப் பல பேர் சேர்ந்து, யாருமே முழுசாகத் திரும்பாத கதையை அதற்குள் திணித்தால் முக்கால்வாசி வெளியே பிதுங்கும். அரவானுக்கோ திரும்புதலே கிடையாது.

விளாதிமிர் பிராப் 1928-இல் ரஷ்ய மாயக்கதைகளை ஆராய்ந்து பட்டியலிட்ட 31 செயல்கள் கேமுக்கு இன்னும் நெருக்கமானவை. காரணம், அவர் யார் என்பதைவிட என்ன செய்கிறார் என்பதை எண்ணினார். குறிப்பாக 12, 13, 14 ஆகிய மூன்று செயல்கள்: கொடையாளி நாயகனைச் சோதிக்கிறார், நாயகன் அதற்கு எப்படி நடந்துகொள்கிறான், மாயப் பொருள் கைக்கு வருகிறது. "பத்து மூலிகை கொண்டுவா, வாள் தருகிறேன்" என்ற வகைப் பணிகள் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இங்கே தெரியும். அவற்றில் 13 இல்லை. சோதனை இருக்கிறது, பரிசு இருக்கிறது, நாயகனின் குணம் வெளிப்படும் இடம் விடுபட்டிருக்கிறது. மூலிகை கேட்கும் கிழவி பொய் சொல்கிறாள் என்று விளையாடுபவருக்குத் தெரியும்படி வையுங்கள். தெரிந்தும் கொடுக்கிறாரா, கேட்டுச் சண்டை போடுகிறாரா, பாதியை ஒளிக்கிறாரா என்று பாருங்கள். அதே பத்து மூலிகைதான், ஆனால் இப்போது அங்கே ஒரு மனிதர் இருக்கிறார்.

பல நாட்டுத் தெய்வங்களை ஒரே களத்தில் மோதவிடும் நான்காவது வழியும் உண்டு. சண்டை விளையாட்டுக்கு அது ஓடும். கதை எழுதுபவருக்கு அதில் பெரிதாக வேலை இல்லை.

எதை எப்போது எடுப்பது

ஐந்து பேருக்குள் உள்ள குழு, முதல் கேம், பேச்சை நம்பிய விளையாட்டு என்றால் இரண்டாம் வழியில் போங்கள். காவியம் முழுவதையும் தொடாமல் ஒரே ஓர் உபகதையோடு நில்லுங்கள். மாறாத விதியைத் திரும்பத் திரும்ப வாழ்வதே உங்கள் விளையாட்டின் அடிப்படை, மரபைச் சேர்ந்தவர்களும் கூட இருக்கிறார்கள் என்றால் முதல் வழி. விளையாட்டு விதி முதலில் தோன்றி அதற்குக் கதை தேடுகிறீர்கள் என்றாலும், எடுத்த கதை உயிருள்ள வழிபாடாக இருந்து கேட்டுச் செய்ய யாரும் அருகில் இல்லை என்றாலும் மூன்றாம் வழி.

முதல் இரண்டு வழிகளுக்கும் உரிமை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழங்கதை பொதுச்சொத்து, ஆனால் அண்மைக் காலத்தில் ஒருவர் எழுதிய மொழிபெயர்ப்பும் மறுகூறலும் அவருடையவை. இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள், பல நாடுகளில் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். தொலைக்காட்சித் தொடரில் பார்த்த உடையலங்காரத்தையும் ஆயுத வடிவத்தையும் "புராணத்தில் இப்படித்தான்" என்று நினைத்து வரைந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வசனமோ வடிவமோ எந்தப் பழைய மூலத்திலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் எழுத்துருவைத் தொடக்கத்திலேயே சோதித்துவிட வேண்டும். வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் விழும் உத்தியை அப்படியே போட்டால், "கொடு" என்பது முதலில் "க" என்று தோன்றி, பிறகு இருபக்கமும் கொம்பும் காலும் முளைத்துத் துள்ளும். கணினிக்கு "கொ" இரண்டு குறியீடுகள், வாசிப்பவருக்கு ஓர் எழுத்து. குறியீட்டை எண்ணாமல் முழு எழுத்தை எண்ணி வெளியிடும்படி நிரலாளரிடம் சொல்லுங்கள். குரல் பதிவு இருந்தால், நிதானமான பேச்சுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 சொல் என்று தொடங்கி, வாய்விட்டுப் படித்து நேரம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே காட்சியை மூன்று வழியிலும், தலா 500 சொல்லில், ஒரே ஒரு தேர்வோடு எழுதுங்கள். கிளைக்கதை எழுத உதவும் கருவிகளான ட்வைன், இங்க் இரண்டும் இலவசம். ட்வைனுக்கு நிரல் தெரிய வேண்டாம், குறிகளைக் கணக்கு வைக்க இங்க் வசதி. ஆறு பேரிடம் கொடுங்கள், மூவர் கதை தெரிந்தவர்கள், மூவர் தெரியாதவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கக் கூடாது. முடித்ததும் மூன்றே கேள்விகள்: தேர்வு வந்த இடத்தில் எவ்வளவு நேரம் யோசித்தீர்கள், எதை நினைத்துத் தேர்ந்தீர்கள், அடுத்து யாரைப் பார்க்க ஆசை? முதல் கேள்விக்கு அவர்கள் சொல்வதைவிடக் கடிகாரத்தை நம்புங்கள். கதை தெரிந்தவர் தயங்கி, தெரியாதவர் சட்டென்று தட்டிவிட்டுப் போனால், காட்சி முன்னறிவை மட்டும் நம்பி நிற்கிறது. பலி என்றால் என்ன என்பதை உணர்த்தும் ஒரு சிறு காட்சியை முன்னால் சேருங்கள், சொல்லகராதியைச் சேர்க்காதீர்கள். தெரியாதவர் தயங்கி, தெரிந்தவர் தட்டிவிட்டால், தெரிந்த முடிவு தேர்வை விழுங்கிவிட்டது. தேர்வை "என்ன நடக்கும்" என்பதிலிருந்து "யாருக்கு என்ன தெரியும்" என்பதற்கு நகர்த்தி மறுபடி ஆறு பேரிடம் கொடுங்கள், இந்த முறை வேறு ஆறு பேர்.